ஜூடோ பிறந்த நாடு ஜப்பான். ஆனாலும் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் ஒலிம்பிக் கலப்புக் குழுப் போட்டியில் இரண்டு முறையும் பிரான்ஸிடம் தோற்றது ஏன்?

கேள்வியைப் பார்த்ததும் 2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை இரவுதான் ஞாபகம் வந்தது. பாரிஸில் இறுதிப் போட்டி. ஜப்பான் 3-1 என்று முன்னால் நிற்கிறது. பிரான்ஸின் பெரிய நட்சத்திரம் கிளாரிஸ் அக்பெங்யெனுவே தோற்றுவிட்டார். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் தங்கம். அங்கிருந்து 3-4 என்று தோற்றார்கள். டிவியை அணைத்த பிறகும் ரொம்ப நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜப்பான் ஜூடோ பலவீனமாகிவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. உலக சாம்பியன்ஷிப்பில் கலப்புக் குழுப் போட்டி 2017இல்தான் தொடங்கியது. அந்த வருடம் முதல் 2024 வரை நடந்த ஏழு முறையும் பட்டம் ஜப்பானுக்குத்தான். அதில் பல இறுதிப் போட்டிகளில் எதிரணி இதே பிரான்ஸ். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 14 தனிநபர் பிரிவுகளில் 9 தங்கம் எடுத்துவிட்டு, கடைசி நாள் குழு இறுதியில் மட்டும் 1-4 என்று தோற்றது. அதுவும் சொந்த மண்ணில், டோக்கியோவின் புடோக்கான் அரங்கில்.

என் பார்வையில் காரணம் எடைப் பிரிவுகளில் இருக்கிறது. குழுப் போட்டியில் ஆறு ஆட்டங்கள். பெண்களில் 57, 70 கிலோ வரை, அப்புறம் 70க்கு மேல். ஆண்களில் 73, 90 வரை, அப்புறம் 90க்கு மேல். உலக சாம்பியன்ஷிப்புக்கு என்றால் குழுப் போட்டிக்கென்றே தனியாக ஆட்களை அழைத்துப் போகலாம். ஜப்பானில் ஒவ்வொரு எடையிலும் உலகத் தரத்தில் நாலைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஆழம்தான் அவர்களுடைய உண்மையான பலம். ஒலிம்பிக்கில் அது எடுபடாது. ஒரு எடைக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான். தனிநபர் போட்டிக்கு வந்தவர்களை வைத்தே குழுவையும் கட்ட வேண்டும்.

அன்று நடந்ததைப் பாருங்கள். 73 கிலோ ஆட்டத்தில் ஜப்பானுக்காக இறங்கியவர் ஹிஃபூமி அபே. 66 கிலோவில் இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியன். எதிரில் ஜோன்-பெஞ்சமின் காபா, அந்த வாரம்தான் 73இல் வெள்ளி வாங்கியவர். ஆட்டம் நான்கு நிமிடம் தாண்டி, முதல் புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் கூடுதல் நேரமான கோல்டன் ஸ்கோருக்குப் போய், காபா ஜெயித்தார். அடுத்தது 57 கிலோ. அதில் வந்தவர் நத்சுமி த்சுனோடா, 48 கிலோ சாம்பியன்! ஒன்பது கிலோ வித்தியாசம். எதிரில் சாரா-லியோனி சிசீக், அசல் 57 கிலோ வீராங்கனை. த்சுனோடாவும் தோற்றார். 3-3.

கல்லூரியில் நான் 60 கிலோ பிரிவில் ஆடியவன். ஒருமுறை குழுப் போட்டிக்கு ஆள் இல்லாமல் என்னை 66இல் இறக்கினார்கள். ஆறே கிலோதானே என்று நினைத்துப் போனேன். முதல் பிடியிலேயே தெரிந்துவிட்டது. அவன் என் காலரைப் பிடித்து லேசாக இழுத்ததும் என் குதிகால் பாயை விட்டுக் கிளம்பியது. எறிய உள்ளே போனால் ஆள் அசையவில்லை. இரண்டு நிமிடத்தில் முன்கை இறுகிக் கல்லாகிவிட்டது. அபே எங்கே, நான் எங்கே. ஆனால் பிடிச் சண்டையில் அந்தக் கூடுதல் கிலோக்கள் என்ன செய்யும் என்பதை என் கை இன்னும் மறக்கவில்லை.

இதற்காக பிரான்ஸை எளிதாக எண்ணிவிட வேண்டாம். ஜப்பானிய ஜூடோ ஆசிரியர் கவாயிஷி 1935இல் பாரிஸுக்குப் போய்க் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அங்கே ஜூடோ ஊர் விளையாட்டாகவே ஆகிவிட்டது. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்து ஆடுகிறார்கள், ஜப்பானில் பதிவு செய்திருப்பவர்களைவிடப் பல மடங்கு.

சரி, அந்த ஏழாவது ஆட்டம். சமநிலையானால் எந்த எடையினர் மறுபடி மோத வேண்டும் என்பதைத் திரையில் சுழலும் குலுக்கல் முடிவு செய்யும். வந்தது 90 கிலோவுக்கு மேல். அதாவது பிரான்ஸின் ஜாம்பவான் டெடி ரினேர். குலுக்கலில் ஏமாற்று என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஆறில் ஒன்று எப்படியும் வரத்தான் வேண்டும், எனக்கு அதில் சந்தேகமில்லை. எனக்கு வலித்தது அவருக்கு எதிரில் ஜப்பானுக்காக இறங்கிய தத்சுரு சைதோவைப் பார்த்துத்தான். அவர் அப்பா ஹிதோஷி சைதோ 1984, 1988 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 1988 சியோலில் ஜப்பான் ஜூடோவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அவருடையது. 2015இல் அவர் இறந்தபோது தத்சுருவுக்கு 12 வயது. அந்தப் பையன்தான் அன்று ஒரே இறுதிப் போட்டியில் ரினேரை இரண்டு முறை எதிர்கொண்டான், இரண்டு முறையும் தோற்றான். இரண்டாவது முறை இப்பான், ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் முழுப் புள்ளி.

ஜப்பானில் பலர் அவரைத்தான் குறை சொன்னார்கள். பாரிஸில், பிரெஞ்சுக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில், 22 வயதில் ரினேரிடம் தோற்றதை நான் குறையாக நினைக்கவில்லை. ஆட்டம் அவர் கைக்கு வருவதற்கு முன்பே 73லும் 57லும் போய்விட்டது.