இலுப்பைக் கொட்டை பொறுக்கினால் கன்று முளைக்காதா?

கேள்வி: பிரான்மலை அடிவாரத்தில் உள்ள காப்புக்காட்டின் ஓரத்தில், அனுமதி பெற்று, எங்கள் மகளிர் குழு ஆண்டுதோறும் இலுப்பைக் கொட்டையும் நெல்லிக்காயும் சேகரித்து வருகிறது. முதிர்ந்த மரங்கள் நிற்கின்றன. இளமரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நாங்கள் பொறுக்குவதுதான் காரணமா? எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்? (வாசகி, சிங்கம்புணரி வட்டாரம்)

பதில்: பழியை முழுவதும் உங்கள் கூடையின்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம்; அதே சமயம் கூடைக்குப் பங்கே இல்லை என்றும் முடிவு செய்துவிட வேண்டாம். நூறாண்டுக்கு மேல் வாழக்கூடிய ஒரு மரம், தன் ஆயுளில் தனக்கு ஈடாக ஒரே ஒரு மரத்தை வளர்த்துவிட்டாலே அதன் இனம் குறையாது. ஆகவே கொட்டையில் பெரும்பங்கு போனாலும் காடு சில காலம் தாங்கும். ஆனால் அந்தத் தாங்குதலுக்கும் எல்லை உண்டு. அமேசான் காடுகளில் பிரேசில் கொட்டை மரங்களை 23 இடங்களில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலமாக மிகுதியாகச் சேகரித்த இடங்களில் இளமரங்கள் அரிதாகிவிட்டது தெரிந்தது. முதிர்ந்த மரங்கள் நிமிர்ந்து நிற்பதால் இக்குறை பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாது.

இலுப்பையில் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. அதன் விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். மண்ணுக்குள் கிடந்து அடுத்த ஆண்டு முளைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. ஓர் ஆண்டின் கொட்டையை ஒன்றுவிடாமல் பொறுக்கினால், அந்த ஆண்டுக்குரிய கன்றுகள் அவ்வளவுதான். இதற்கு மாறாக, உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்குவதால் காய்ப்புக் குறைவதில்லை. விழுவது சதைப்பற்றுள்ள பூவிதழ் மட்டுமே, காயாக மாறும் சூலகம் கிளையிலேயே தங்கிவிடுகிறது. பூப்பொறுக்க வசதியாக அடியிலுள்ள சருகைக் கொளுத்துவதுதான் கேடு. முந்தைய ஆண்டின் கன்றுகள் அந்த ஒரு தீயிலேயே கருகிவிடும்.

எங்கிருந்து பொறுக்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். தாய்மரத்தின் நிழலில் விழும் கொட்டைகளில் பெரும்பாலானவை முளைத்தாலும் மரமாவதில்லை. பழந்தின்னி வௌவால் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்து, சதையைச் சப்பிவிட்டுப் போடும் கொட்டைக்குத்தான் எதிர்காலம் உண்டு. காலையில் ஒரு பனையின் அடியிலோ பாலை மரத்தடியிலோ, மென்று துப்பிய சக்கைக்கு நடுவே பளபளப்பான பழுப்புநிற இலுப்பைக் கொட்டை கிடக்கக் கண்டால் அதைத் தொடாதீர்கள். செக்குக்கும் கோயில் விளக்குக்கும் வேண்டியதைத் தாய்மரத்தின் அடியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பங்கு விடுவது என்பதற்கு எல்லாக் காட்டுக்கும் பொருந்தும் கணக்குக் கிடையாது. முறைவைத்துச் சில மரங்களை ஆண்டு முழுவதும் தொடாமல் விடுவது, ஒவ்வொரு மரத்திலும் கொஞ்சம் விடுவதைவிட நடைமுறைக்கு எளிது. "கொஞ்சம்" எவ்வளவு என்பதில் பத்துப் பேருக்குப் பத்துக் கருத்து இருக்கும்.

உண்மையான காரணத்தை அறியக் கன்றுகளை இரண்டு முறை எண்ண வேண்டும். தாய்மரங்களிலிருந்து சற்றுத் தள்ளி, பத்து மீட்டர் நீள அகலமுள்ள சதுரங்கள் சிலவற்றைக் கயிறு கட்டிக் குறித்துக்கொண்டு, ஐப்பசி மழைக்குப் பின் கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் குறைந்த கன்றுகளையும், இடுப்புயரக் கன்றுகளையும், மணிக்கட்டுப் பருமனுள்ளவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். கோடை கழிந்து ஆடியில் அதே சதுரங்களை மறுபடி எண்ணுங்கள். கார்த்திகையிலேயே சிறுகன்று இல்லையென்றால் விதை போதவில்லை என்று பொருள். உங்கள் சேகரிப்பைக் குறைக்க வேண்டும். கார்த்திகையில் இருந்த கன்று ஆடியில் இல்லையென்றால் ஆடும் தீயும் வறட்சியும்தான் முதலில் விசாரிக்க வேண்டியவை. நுனி கடிக்கப்பட்டிருந்தால் ஆடு; தண்டு அடியில் கருகியிருந்தால் தீ. சீமைக்கருவேலம் மூடிய இடத்தில் எண்ணிப் பயனில்லை. அங்கே கொட்டையை விட்டுவைத்தாலும் கன்று தலைதூக்குவது கடினம்.

நெல்லியில் கதை வேறு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளிகர் பழங்குடியினர் நெல்லிக்காய் சேகரிப்பது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டிருக்கிறது. அங்கே காய் பறிப்பதோடு, மரத்தில் ஏறிய புல்லுருவியும் தரையை மூடிய உண்ணிச்செடியும் (லேண்டானா) பெருங்கவலையாக இருந்தன. கிளையை வெட்டிக் காயெடுக்கும் பழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால், புல்லுருவி பற்றிய கிளையை மட்டும் வனத்துறையிடம் கேட்டு வெட்டுங்கள்.

விட்டுவைப்பதோடு நில்லாமல் விதைக்கவும் விரும்பினால், பழத்திலிருந்து எடுத்த கொட்டையை ஓரிரு வாரங்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். பரணில் காயவைத்தது எண்ணெய்க்குத்தான் ஆகும். காப்புக்காட்டுக்குள் விதை ஊன்றுவதற்கும் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.