பழைய ஹோண்டா சிஆர்-வியின் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். வண்டி 2006ஆம் ஆண்டு இரண்டாம் தலைமுறை சிஆர்-வி என்றும், கைமாறி வாங்கியது என்பதால் கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது தெரியவில்லை என்றும், கியர் மாறும்போது இலேசாக உதறுகிறது என்றும் கடலூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். புதுச்சேரியில் அதே தலைமுறை வண்டியை வைத்திருக்கும் நான் இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறேன். போல்ட்டைக் கழற்றி மாட்டுவது எளிது. கவனம் வேண்டியது ஆயிலின் நிறத்தைப் பார்க்கும்போதும் அளவைப் பார்க்கும்போதும்தான்.

எதையும் வாங்குவதற்கு முன், கியர் ஆயிலின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை (என்ஜின் ஆயிலுடையதை அல்ல) உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாகத் தெளிந்திருந்தால் அவசரமில்லை. பழுப்பேறியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கருகல் வாடை அடித்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது என்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகரத் தயங்கினால், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். புது ஆயில் அதைச் சரிசெய்யாது. எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு நிறம். அது தண்ணீர் கலந்ததன் அடையாளம். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம். அல்லது வண்டி வெள்ளத்தில் நின்றபோது கியர்பாக்ஸின் காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். 2015 வெள்ளத்தையும் 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலையும் பார்த்த நம் பகுதியில், பழைய வண்டி வாங்கியவர்கள் இந்தச் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது. கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் தண்ணீரில் ஊறினால் பிய்ந்துவரும் என்பதால், அந்த நிறத்தைக் கண்டால் வண்டியை ஓட்டாமலும் கயிறு கட்டி இழுக்காமலும் லாரியில் ஏற்றிச் சென்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

உங்கள் வண்டிக்கு ஹோண்டா முதலில் சொன்னது ஏடிஎஃப் இசட்-1 என்ற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். பின்னர் அதற்கு மாற்றாக வந்த டிடபிள்யூ-1தான் இப்போது கிடைக்கிறது. சிவிடி எனப்படும், படிப்படியான கியர்கள் இல்லாத வேறு வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கான ஆயிலைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். கியர்பாக்ஸில் மொத்தம் சுமார் 7 லிட்டர் இருந்தாலும், போல்ட்டைத் திறந்தால் வடிவது 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவுதான்; மீதி, என்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஐந்தில் இரண்டு பங்கு மாறுகிறது என்று கொண்டால், முதல் முறைக்குப் பின் 60 விழுக்காடும், இரண்டாம் முறைக்குப் பின் 36 விழுக்காடும், மூன்றாம் முறைக்குப் பின் ஏறக்குறைய 22 விழுக்காடும் பழைய ஆயில் எஞ்சும். ஆகவே சில நாள்கள் ஓட்டி, வடித்து, ஊற்றி என மூன்று முறை செய்வதே போதுமானது. எந்திரம் வைத்து அழுத்தத்தோடு ஒரே மூச்சில் கழுவித் தருவதாகச் சொல்லும் கடைகள் உண்டு. பின்னணி தெரியாத பழைய கியர்பாக்ஸுக்கு அதை நான் செய்யமாட்டேன்.

வேலையின்போது, சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வண்டியைத் தூக்குவதாக இருந்தால் ஸ்டாண்டு இல்லாமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். என்ஜின் ஆயில் போல்ட்டின் தலை அறுகோணமாக இருக்கும். கியர் ஆயில் போல்ட்டின் தலையிலோ, ராட்செட் ஸ்பேனரின் முனை நேராகப் பொருந்தும் சதுரக் குழி இருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கியர் ஆயிலை வடித்துவிட்டு என்ஜினுக்குள் மேலும் ஆயிலை ஊற்றியவர்கள் உண்டு. கடற்கரையோர வண்டிகளில் போல்ட் துருவேறி இறுகியிருக்கும் என்பதால், முந்தின நாளே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துவைப்பது உதவும். போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் இயல்பல்ல. புது வாஷர் போட்டு, 49 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குங்கள். வடிந்ததை அளந்து, அதே அளவைக் குறுகிய கழுத்துள்ள புனலில் டிப்ஸ்டிக் துளை வழியாக மெதுவாக ஊற்ற வேண்டும்.

அளவு பார்ப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டொயோட்டா போன்ற வண்டிகளில் என்ஜின் ஓடும்போது பார்ப்பார்கள், ஹோண்டாவில் அப்படியன்று. ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை வண்டியைச் சூடேற்றி, எல்லா கியர்களுக்கும் ஒரு முறை மாற்றிவிட்டு, என்ஜினை நிறுத்தி 60 முதல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையில் ஆயில் நின்றால் போதும். மேல் குறியைத் தாண்டினால் நுரைத்துக் கெடுதல் செய்யும்.

வடித்த ஆயிலை வாய்க்காலில் கொட்டாமல், கழிவு ஆயிலைச் சேகரிக்கும் மெக்கானிக் கடையில் கேனோடு கொடுத்துவிடுங்கள். மூன்றாம் முறைக்குப் பிறகும் உதறல் நீடித்தால், கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன் என்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர்கள் வெடித்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு வயதான வண்டியில் அதுவும் அதே உதறலைத் தரும், செலவும் மிகக் குறைவு.