தங்கிப் படிக்கும் முகாம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 2023-இல் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள் அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கைமாறுகின்றன என்பது என் தலைப்பு. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் மேலாண்மை ஆய்வாளர்களுக்கு ஐந்து நாள் தங்கிப் படிக்கும் முகாம் நடத்துகிறார்கள். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளம். 'ஜூம்லயே படிக்கக்கூடாதா?' என்கிறார் கணவர். என் ஆய்வை வழிநடத்தும் கைடிடம் இன்னும் சொல்லவில்லை. போகலாமா? முகாமின் நிரலையும் என் வினாப்பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிரலைப் பார்த்தேன். காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை எஸ்பிஎஸ்எஸ், ஸ்மார்ட்பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வகுப்புகள்தான். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று தெரிந்துகொள்ள ஊரை விட்டு ஊர் போய்த் தங்க வேண்டியதில்லை, யூடியூபே போதும். அந்த மட்டில் உங்கள் கணவர் சொல்வது சரி.

ஆனால் உங்களுக்கு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பட்டியலின் 14-ஆம் கேள்வி: 'எங்கள் பட்டறையில் வாரிசுத் திட்டமிடல் முறையாகவும் வெளிப்படையாகவும் நடைபெறுகிறது.' ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். பட்டறைக்காரர் கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றிக்கொண்டே, "மகன் சென்னையில ஐடியில இருக்கான். வந்தாப் பாத்துக்குவான், வராட்டி இருக்கிறவங்க பாத்துக்குவாங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் டிக் அடிப்பீர்கள்? மூன்றில்தான் அடிப்பீர்கள். உங்கள் ஆய்வுக்கு வேண்டியதெல்லாம் அவர் சொன்ன அந்த வாக்கியத்தில் இருந்தது. மூன்று என்று எழுதியதும் அது போய்விட்டது. அப்புறம், 'முறையாகவும் வெளிப்படையாகவும்' என்பதே இரண்டு கேள்வி. எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிட்டு வீட்டில் மூச்சுவிடாமல் இருப்பவர் எதற்கு மதிப்பெண் போடுவார்?

ஒரு ஊர்ப் பட்டறைகளை வைத்துக்கொண்டு அந்த முகாம் சொல்லித்தரும் பெரிய புள்ளியியல் மாடல்களைப் போடவும் முடியாது. ஐந்தாறு மாறிகள், அதாவது அளந்து பார்க்கும் அம்சங்கள், என்றால் பொதுவாக நூற்றுக்கணக்கில் பதில்கள் கேட்பார்கள். எண்ணிக்கைக்காகக் கூலிக்கு வருபவர்களிடமும் படிவத்தை நீட்டுவீர்கள். முதலாளி வீட்டு வாரிசைப் பற்றி அவர்கள் என்ன சொல்ல முடியும்? நாலைந்து பட்டறைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவிடம் தனியாக, பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அம்மாவை விட்டுவிடாதீர்கள், பல வீடுகளில் முடிவு அங்கேதான் இருக்கிறது. இப்படிச் சிலவற்றை மட்டும் ஆழமாகப் பார்க்கும் கேஸ் ஸ்டடிதான் உங்கள் தலைப்புக்குப் பொருந்தும்.

இந்த வழிக்குத் தங்கிப் படிப்பது பிரமாதமாக உதவும். கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடி பக்கம்தான். காலையில் பட்டறைக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறீர்கள். சாயங்காலம் குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு சொல்லித்தருபவரோடு வரிவரியாக வாசிக்கிறீர்கள். 'இந்த இடத்தில் அவர் பேச்சை மாற்றியிருக்கிறாரே, ஏன் விட்டீர்கள்?' என்று அவர் கேட்கிறார். மறுநாள் காலையிலேயே போய் அதைக் கேட்டுவிடலாம். ஜூமில் ஒரு மணி நேரம் ஆனதும் ஆளுக்கு ஒரு திசையில் போய்விடுவோம், இந்தக் கேள்வி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன நகரத்தார் கடைகளில் வேலை பழகிய பெட்டியடிப் பையன்களை 'அந்தக் காலத்து எம்பிஏ' என்று மேடையில் யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். சின்ன வயதில் வீட்டைப் பிரிந்து, பினாங்கிலோ சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலோ கடையும் தங்குமிடமுமான ஒரு கிட்டங்கியில் எடுபிடி வேலையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை நடந்த இடத்திலேயே படுத்து எழுந்தார்கள். கையில் இருந்தது நிஜக் கணக்கு, தப்பைச் சுட்டிக்காட்ட அடுத்தாள் என்ற மூத்த ஊழியர் பக்கத்திலேயே இருந்தார். உங்கள் முகாம் நிரலில் உங்கள் 'கணக்கு' எங்கேயும் வரவில்லை. யாரோ கொடுத்த மாதிரித் தரவை வைத்துத்தான் ஐந்து நாளும் ஓடப்போகிறது.

கைடிடம் முதலில் சொல்லுங்கள், மறைக்க இதில் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு ஆய்வாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேருக்கும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க அவருக்கு நேரம் எங்கே? ஆய்வு முறையை மாற்றுவதென்றால் ஆலோசனைக் குழுவிலும் சொல்லியாக வேண்டும், அங்கே அவர் துணை இல்லாமல் முடியாது. அவசரமும் இல்லை. அதே விதியில் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை தரவும் இடமுண்டு.

பணம் கட்டும் முன் முகாம்காரர்களுக்கு உங்கள் வினாப்பட்டியலையும் முதல் அத்தியாயத்தையும் அனுப்பி, படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை ஆய்வாளர்கள், காலை நேரத்தைப் பட்டறைக்கு விட்டுத் தருவார்களா என்றும் கேளுங்கள். பதிலாக விளம்பரத் தாளையே திரும்ப அனுப்பினால் விட்டுவிடுங்கள். 'அத்தியாயத்தை நாங்களே முடித்துத் தருகிறோம்' என்று ஒரு பேச்சு வந்தால் போனை வைத்துவிடுங்கள். பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை பத்து சதவீதத்துக்குள் வந்துவிடும், ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யார் பதில் சொல்வது?

உங்கள் பக்கங்களைப் படித்துவிட்டுப் பேசும் ஆள் ஒருவர் கிடைத்தால் தேக்குத் தூண் வீடெல்லாம் தேவையில்லை. இரண்டு மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து அவரைக் காரைக்குடிக்கே வரவழைத்து, சாதாரண லாட்ஜில் அறை போடுங்கள். செலவு பாதிக்குப் பாதி மிச்சமாகும். ஆத்தங்குடிக்கு அங்கிருந்தே பஸ் இருக்கிறது.