வளவில் உட்கார்ந்து வீடியோவில் மறதிக்குப் பயிற்சி: பலன் தருமா?

கேள்வி: என் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, 72 வயது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டில் இருக்கிறார். அப்பச்சி (அப்பா) தவறி மூன்று வருடம் ஆகிறது. நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகும் அக்கா ஒருவர்தான் ஆத்தாவுக்குத் துணை. ராத்திரிக்குப் பக்கத்து வீட்டில் இருந்து ஒருவர் வந்து படுத்துக்கொள்வார். ஒரு வருடமாக ஆத்தா கேட்டதையே திரும்பக் கேட்கிறார். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறார். மற்றபடி சமையல், குளியல், கோயில் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். மதுரையில் நரம்பியல் டாக்டர் பார்த்துவிட்டு ‘மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்’ என்றார். வாரம் இரண்டு முறை வீடியோ காலில் மறுவாழ்வுப் பயிற்சி எடுக்கச் சொல்கிறார். மூளை விளையாட்டு ஆப் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டவும் யோசிக்கிறேன். போன் வழியாக இதெல்லாம் பலன் தருமா? ஆத்தாவிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா?

பதில்: பலன் தரும். ஆனால் அந்த வீடியோ பயிற்சியை மட்டும் நம்பி உட்கார்ந்தால் தராது. பயிற்சி தரும் தெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு தடவை திரையில் வருவார். மற்ற நேரமெல்லாம் ஆத்தாவுக்கு வீடும் அந்த அக்காவும்தான். வீட்டின் ஒரு நாளை எப்படி ஒழுங்கு செய்வது என்று பார்த்துச் சொல்லி, போன வாரம் என்ன நடந்தது என்று கேட்டுத் திருத்துவதுதான் வீடியோ காலின் உண்மையான வேலை. இந்த நிலைக்கான தொலைநிலைப் பயிற்சி ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில மாதங்களே நடந்தவை. அதனால் அற்புதம் எதையும் வாக்குறுதி தர மாட்டேன். கானாடுகாத்தானிலிருந்து மதுரைக்கு வாரம் இரண்டு முறை கார் வைத்துப் போய்வந்து, இரண்டாவது மாதமே சலித்து விட்டுவிடுவதைவிட இது மேல் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

முதலில் டாக்டர் சொன்ன பெயர். வயதுக்கு மீறிய மறதி இருக்கிறது, சோதனையிலும் அது தெரிகிறது, ஆனால் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் அதன் பொருள். அந்தக் கடைசிப் பகுதிதான் இதை டிமென்ஷியா என்ற முற்றிய மறதி நோயிலிருந்து பிரிக்கிறது. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் கணக்குப்படி, 65 வயதைத் தாண்டிய இந்த நிலைக்காரர்கள் 100 பேரில் இரண்டு வருடத்துக்குள் டிமென்ஷியாவுக்குப் போகிறவர்கள் சுமார் 15 பேர். சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு. அதே வழிகாட்டுதல் மாத்திரை எதையும் நிரூபணமான சிகிச்சையாகச் சொல்லவில்லை. வாரம் இரண்டு முறை உடற்பயிற்சியைத்தான் சொன்னது. அதற்குப் பிறகு, டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயின் ஆரம்பநிலைக்கு லெகானிமாப் போன்ற ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. அது யாருக்குப் பொருந்தும், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று எப்படிக் கண்காணிப்பது என்பதெல்லாம் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் பேச வேண்டிய தனிக்கதை.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் சில சோதனைகள் முடிந்திருக்க வேண்டும். வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, பிரஷர் பார்த்தாயிற்றா? சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வெகுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். அப்புறம் மாத்திரை டப்பாவை அப்படியே வீடியோவில் காட்டச் சொல்லிப் பாருங்கள். தூக்க மாத்திரையும், மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே வாங்கும் சளி, அரிப்பு மாத்திரைகளில் சிலவும் வயதானவர்களின் நினைவைக் குழப்பும். (நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.) அப்பச்சி போன துக்கம் மனச்சோர்வாகத் தங்கிவிட்டதா என்பதையும் டாக்டர் பார்க்க வேண்டும், அதுவும் மறதி வேஷம் போட்டு வரும்.

காதை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சரியாகக் காதில் விழாததை மறதி என்று நினைத்துக்கொள்கிறோம். 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 முதல் 84 வயதுவரையான 977 பேரில் ஒரு பாதிக்குக் காதுக் கருவி கொடுத்து மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே மறதி கூடும் ஆபத்து அதிகம் இருந்த பிரிவினரிடம் அறிவுத்திறன் சரிவு பாதியளவுக்கு மெதுவானது. எப்படியானாலும், காது கேட்காதவருக்குப் போன் ஸ்பீக்கரில் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. கருவி வேண்டுமானால் முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

முதல் மதிப்பீட்டை நேரில் செய்துகொள்வது நல்லது. வீடியோவில் மோக்கா போன்ற நினைவுச் சோதனை நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பாசத்தில் விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். 30-க்கு இத்தனை என்று வரும் எண் அப்புறம் எதற்கும் உதவாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார் என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட அது வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவருக்குள் சிக்னல் வராது. வாசல் பக்கத்து முகப்பில் நன்றாக வரும், உள்ளே இரண்டாம் கட்டுக்குப் போனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் கூடமான வளவுதான் பயிற்சிக்குச் சரியான இடம். அங்கே சிக்னல் வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆத்தா முற்றத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். முற்றம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சத்தில் முகம் கறுத்துப்போய் தெரபிஸ்டுக்கு எதுவும் தெரியாது. கூடத்தில் குரல் எதிரொலிக்கும், ஆகவே சின்ன ஹெட்செட் ஒன்று இருக்கட்டும். போனைக் கையில் பிடிக்க விடாதீர்கள். டேப்லெட்டை ஸ்டாண்டில் வைத்து, பாதம் வரை தெரிகிறதா என்று அக்கா பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரம் காலை பத்து மணி வாக்கில். சாயங்காலம் பலருக்கு மனம் களைத்துவிடும். உங்களுக்கு அது பன்னிரண்டரை, மதிய இடைவேளையில் வாரத்துக்கு ஒரு நாளாவது நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்தால் பேசாமல் பாருங்கள். “ஆத்தா, இது தெரியாதா?” என்று ஒரு வார்த்தை வந்தால் அந்த வாரம் முழுக்கப் போய்விடும்.

வளவு நடப்பதற்கு அருமையான இடம். நிழல் உண்டு, தூண் உண்டு, வெளிச்சம் உண்டு. முற்றத்தைச் சுற்றி நடக்கும்போது தூண்களை எண்ணச் சொல்லலாம். அது எளிதானால் நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்கலாம். நடையும் கணக்கும் ஒன்றாக ஓடும் இந்தப் பயிற்சி அறிவுத்திறனுக்கும் நல்லது, தடுமாறாமல் நடக்கவும் உதவும். ஆனால் ஆத்தங்குடி டைல் தரை ஈரமானால் வழுக்கும். மழை நாளில் சாரல் அடித்த பக்கம் வேண்டாம். உயர்ந்த நிலைப்படிகளை வேகமாகத் தாண்டவும் வேண்டாம். கனமான நாற்காலியைச் சுவரில் முட்டக் கொடுத்து எழுந்து உட்காருதல், தூணைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், ஒற்றைக்காலில் நிற்றல், இவை போதும். உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. நடையை நாள் தோறும் பிரித்துப் போட்டால் அது பெரிய பாரமில்லை. நிற்கும் பயிற்சிகளில் அக்கா கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். திரைக்கு அப்பாலிருந்து யாரும் விழுகிறவரைப் பிடிக்க முடியாது.

நினைவுப் பயிற்சிக்கு ஆத்தாவுக்குச் சிக்கலாக இருக்கும் வேலையையே எடுங்கள். பால் பணத்தைப் பார்ப்போம். கொடுத்ததை நினைவில் வைக்கச் சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் பழக்கலாம். பணம் கொடுத்தால் நாட்காட்டியில் டிக் அடிப்பது, கேள்வி வந்தால் நாட்காட்டியைப் பார்ப்பது, அவ்வளவுதான். தெரபிஸ்ட், “பால் பணம் கொடுத்தாச்சா என்று எங்கே பார்ப்பீங்க ஆச்சி?” என்று கேட்பார். “நாட்காட்டியில்” என்று பதில் வந்தால் ஒரு நிமிடம் கழித்து, பிறகு இரண்டு, நான்கு, எட்டு நிமிடம் கழித்து, நடுவில் வேறு பேச்சும் பயிற்சியுமாக, அதே கேள்வியைக் கேட்பார். தவறினால் திட்டாமல் உடனே பதிலைச் சொல்லி, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புவார். இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும் இந்த முறை திரை வழியாகவும் நன்றாக நடக்கும். கணக்கு எழுதிப் பழகிய குடும்பமாதலால், ஒரு சிட்டை நோட்டை ஆத்தாவிடம் கொடுத்தால் மறதிக்குக் கொடுத்த நோட்டு என்றே தோன்றாது. கோயில், மாத்திரை, வந்தவர், கொடுத்த பணம் எல்லாம் அதில் ஏறட்டும்.

சமையலைப் பிடுங்காதீர்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்கில் பச்சரிசியை நிறைத்து, அதன் மேலே கோபுரமாக உளுந்தைக் கூட்டும் அந்த அளவே நல்ல பயிற்சி. அளந்து, ஊறவைத்து, அரைத்து, எண்ணெயின் சூடு பார்த்து ஊற்றும் வரிசையை ஆத்தா சொல்ல, அக்கா எழுதட்டும். தப்பிய இடத்தில் எழுதியதைப் பார்க்கட்டும். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது மட்டும் அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும். பல்லாங்குழி, தாயம், ஓலைக் கொட்டான் முடைதல், எது பிடிக்குமோ அது. வல்லாரைத் துவையல் பிடித்தால் சாப்பிடட்டும், ஆனால் அதை மருந்தாக நம்பிப் பிரஷர் மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

பின்லாந்தின் ‘ஃபிங்கர்’ ஆய்வு 2015-ல் வெளியானது. டிமென்ஷியா ஆபத்துக் கூடுதலாக இருந்த 60 முதல் 77 வயதுக்காரர்கள் 1,260 பேரில் ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி, அறிவுப் பயிற்சி, ரத்தநாளக் கண்காணிப்பு என்று நான்கையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்தார்கள். பொது ஆலோசனை மட்டும் பெற்ற மற்றவர்களைவிட இவர்கள் அறிவுத்திறனில் மேலாக இருந்தார்கள். பயிற்சித் திட்டம் ஒன்று இந்த நான்கில் ஒன்றை மட்டும் விற்கிறது என்றால் யோசியுங்கள்.

அந்த ஆப் விஷயமும் அதில் அடக்கம். 2016-ல் ‘லுமோசிட்டி’ என்ற பிரபல மூளை விளையாட்டுச் செயலியின் நிறுவனம், வயதின் மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. விளையாட விளையாட அந்த விளையாட்டில் ஸ்கோர் ஏறும். அது பால் கணக்குவரை வந்து சேர்வது அபூர்வம். ஆத்தாவுக்குப் பிடித்திருந்தால் இலவசமாகக் கிடைப்பதை விளையாடட்டும். சந்தாப் பணத்தை அந்த அக்காவின் சம்பளத்தில் கூட்டுங்கள். மேலே எழுதியதில் பாதி வேலை அவர் தலையில்தான் இருக்கிறது, முதல் மூன்று நான்கு வாரம் தெரபிஸ்ட் ஆத்தாவைவிட அவருக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சில நேரங்களில் வீடியோவுக்குக் காத்திருக்காமல் நேரில் போக வேண்டும். திடீரென்று ஒரே நாளில் குழப்பம், காய்ச்சலோடு பிதற்றல், தெரிந்த தெருவில் வழி தவறுதல், விழுதல், இல்லாத உருவங்கள் தெரிதல் இவையெல்லாம் அந்த வகை. முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை விழுதல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108. ஸ்மார்ட்போன் கையில் இருப்பதால் இன்னொன்றும் உண்டு. போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலுக்கு இந்த நிலையில் இருப்பவர்கள் எளிதில் மாட்டுவார்கள். பெரிய தொகை இருக்கும் கணக்கைப் போனோடு இணைக்காமல் விடுங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும் என்று அக்காவுக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசிக் கேள்வி, ஆத்தாவிடம் சொல்லலாமா என்பது. சொல்லுங்கள். எதற்கென்று தெரியாமல் யாரும் வாரம் இரண்டு நாள் தூணைச் சுற்றி எண்ணிக்கொண்டு நடக்க மாட்டார்கள். “மறதி கொஞ்சம் கூடியிருக்கு, கூடாமல் பார்த்துக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார்” என்று, அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். உயில், வங்கி நாமினி போன்றவற்றையும் அந்த வருகையிலேயே ஆத்தாவின் விருப்பப்படி முடித்துவிடலாம். இப்போது அவரால் யோசித்து முடிவெடுக்க முடிகிறது. அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் நம் சட்டப்படி செல்லாமல் போய்விடும்.