‘டு’வா, ‘இங்’கா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பஞ்சாயத்து: ஆங்கில வினைக்குப் பின் இன்ஃபினிடிவா (‘டு கோ’ போல), ஜெரண்டா (‘கோயிங்’ போல)? நம் மொரீஷியஸில் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) பரீட்சைக் காய்ச்சல் தெரிகிறது.

மிஸ், லெசன் (டியூஷன்) சார் எண்பது வினைச்சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். செய்யட்டுமா? (மாணவி, கியூர்பிப்)

வேண்டாம். எண்பதையும் உருப்போட்டுவிட்டு, எது எந்தப் பத்தியில் இருந்தது என்று பரீட்சை அறையில் விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எஞ்சாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட், சஜஸ்ட்: இவற்றுக்குப் பின் ‘இங்’. வாண்ட், டிசைட், ஹோப், பிராமிஸ், ரெஃப்யூஸ்: இவற்றுக்குப் பின் ‘டு’. இப்படி ஒரு பதினைந்து இருபது தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஒவ்வொன்றையும் முழு வாக்கியத்தோடு படி.

‘லைக்’குக்கு டு வருமா இங் வருமா? உடனே பதில் தேவை. (பெயரும் ஊரும் இல்லை)

வணக்கம்கூட இல்லை, சரி. வாக்கியத்தையாவது எழுதியிருக்கலாம். ‘லைக்’ என்றால் இரண்டும் வரும். ‘வுட் லைக்’ என்றால் ‘டு’ மட்டும்.

ஸ்டாப், ஃபர்கெட், டிரை போன்றவற்றுக்கு இரண்டும் வரும், ஆனால் பொருள் மாறும் என்கிறார்கள். எப்படி நினைவில் வைப்பது? (மாணவர், ரோஸ்ஹில்)

நல்ல கேள்வி. நினைவில் வைக்கவே வேண்டாம் தம்பி, தமிழில் சொல்லிப் பார். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் பேசுவதை நிறுத்தினான். ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் பேச நின்றான். ‘ஐ ஃபர்காட் டு லாக் த டோர்’: பூட்ட மறந்தேன், வீடு திறந்து கிடக்கிறது. ‘ஐ வில் நெவர் ஃபர்கெட் கேரியிங் மை ஃபர்ஸ்ட் காவடி’: முதல் காவடி எடுத்ததை மறக்க மாட்டேன். எடுக்க மறப்பதும் எடுத்ததை மறப்பதும் ஒன்றா? உன் பாட்டிக்கே இந்த வித்தியாசம் தெரியும். ‘டிரை’ இன்னும் அழகு. ‘ஐ டிரைட் டு ஓபன் த விண்டோ’: திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. ‘டிரை ஓபனிங் த விண்டோ’: திறந்து பார், புழுக்கம் குறைகிறதா என்று தெரியும். நம் ‘செய்ய’ பெரும்பாலும் ஆங்கில ‘டு’வின் பக்கம் நிற்கும், ‘செய்வது’, ‘செய்தது’ எல்லாம் ‘இங்’கின் பக்கம். எல்லா வினைக்கும் இது பொருந்தாது, ‘நீந்தப் பிடிக்கும்’ என்றும் சொல்கிறோமே. இந்த நாலைந்து வினைகளுக்கு மட்டும் நம்பலாம்.

‘பிஃபோர் டு லீவ்’ என்று எழுதியதற்கு என் மகளுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். நியாயமா? (தாய், கத்ர்போர்ன்)

நியாயம்தான் அம்மா. பிஃபோர், ஆஃப்டர், வித்தவுட், பை: எந்த முன்னிடைச்சொல்லுக்குப் பின்னும் ‘இங்’தான். ‘பிஃபோர் லீவிங்’. குற்றவாளி பிரெஞ்சு. ‘அவான் த பார்தீர்’ (புறப்படுமுன்), ‘சான் தீர்’ (சொல்லாமல்) என்று அங்கே இன்ஃபினிடிவ் போடுவார்கள். வீட்டில் கிரியோல், காலையில் லெக்ஸ்பிரஸ் பிரெஞ்சு நாளிதழ், பரீட்சைக்குக் கேம்பிரிட்ஜ் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளுக்கு இது சகஜம். தமிழும் யோக்கியம் இல்லை. ‘படிப்பதற்காக வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் ஃபார் ஸ்டடியிங்’ ஆக்கிவிடும். ‘ஐ கேம் டு ஸ்டடி’ என்றால் போதும்.

வேலைக்கு எழுதும் கடிதத்தின் முடிவில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதினேன். ‘ஹியரிங்’தான் சரி என்கிறான் மகன். ‘டு’வுக்குப் பின் எப்படி ‘இங்’ வரும்? (வாசகர், வக்வா)

மகன் சொல்வது சரி. முப்பது வருடமாக இதே வாக்கியத்தைத் திருத்துகிறேன், சலித்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டு ‘டு’ உண்டு. ஒன்று இன்ஃபினிடிவின் தலை. மற்றது சாதாரண முன்னிடைச்சொல், ‘கோ டு போர்ட் லூயி’யில் வருவது. எது எது என்று அறியச் சுலபமான சோதனை: ‘டு’வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்’ பொருந்துகிறது. ‘ஐ வாண்ட் டு த ஹாலிடேஸ்’ உளறல். பொருந்தினால் ‘இங்’. அவ்வளவுதான்.

‘அப்ஜெக்ட் டு’ இதே ரகம். ‘யூஸ்ட் டு’ மட்டும் இரட்டை வேடம் போடும். ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் மாஹேபூர்’ என்றால் முன்பு அங்கே இருந்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் மாஹேபூர்’ என்றால் அங்கே இருந்து பழகிவிட்டது. நடுவில் ஒரு ‘ஆம்’ வந்ததும் கதையே மாறிவிடுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து அச்சடித்த சுற்றறிக்கை வந்தது. கடைசி வரி, ‘வி லுக் ஃபார்வர்ட் டு ரிசீவ் யுவர் ரிப்ளை’. சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அதன் கடைசி வரியில், மேலும் ஆலோசனைகளை ‘ரிசீவ்’ செய்யக் காத்திருக்கிறார்களாம்! மை தீர்ந்தது.

‘மை ஃபாதர் மேட் மீ டு ரைட் இட்’ சரியா? (மாணவர், கியூர்பிப்)

தவறு. மேக், லெட் இரண்டுக்கும் பின் ‘டு’ வராது: ‘மேட் மீ ரைட் இட்’. ஆனால் செயப்பாட்டில் ‘மேக்’குக்கு அது திரும்பி வரும்: ‘ஐ வாஸ் மேட் டு ரைட் இட்’. முழு வாக்கியத்தோடு எழுதிக் கேட்டதற்கு நன்றி, இப்படித்தான் கேட்க வேண்டும்.

‘டு’வையும் வினையையும் பிரிக்கக் கூடாதா, மிஸ்? (ஆசிரியர், போர்ட் லூயி)

தாராளமாகப் பிரிக்கலாம். ‘டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்’ இயல்பான ஆங்கிலம். அது 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் போட்ட சண்டை. உங்கள் தலைமையாசிரியர் இன்னும் அந்த நூற்றாண்டிலேயே இருந்தால், அவருக்கு எழுதும்போது மட்டும் பிரிக்காதீர்கள்.