பத்து மாதம் ஊசாத பகலுணவு

வாசகர் கேள்விகளுக்கு அறிவியல் பதில்கள்

(சென்ற இதழில் ஆழ்கடல் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதன் பேரில் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.)

கேள்வி: கடலுக்கு அடியில் மூழ்கிப்போன ஒரு கப்பலில் இருந்த சாப்பாடு பல மாதம் கழித்தும் கெடாமல் இருந்ததாக என் பேரன் படித்துவிட்டுச் சொன்னான். எங்கள் வீட்டில் கோடையில் காலையில் வைத்த குழம்பை மாலையில் ஒரு கொதி விடாவிட்டால் ஊசிப்போய்விடுகிறது. அப்படியானால் ஆழ்கடலில் நுண்ணுயிர்களே கிடையாதா?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: பேரன் சொன்னது உண்மைதான் ஆச்சி; ஆனால் அது கப்பல் அன்று, ஆல்வின் என்னும் மூவர் அமரும் சிறிய நீர்மூழ்கி. 1968 அக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் அதைக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தபோது, தாங்கியிருந்த இரும்புவடம் அறுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பி வெளியேறிவிட்டார்கள். திறந்திருந்த வாயில் வழியாக நீர் புகுந்ததால், அவர்கள் கட்டிக்கொண்டுவந்த பகலுணவோடு ஆல்வின் ஏறத்தாழ 1,540 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து மாதங்களுக்குப் பிறகு, 1969இல், அதை மீட்டு மேலே கொண்டுவந்தபோது இறைச்சி வைத்த ரொட்டியும் ஆப்பிளும் குடுவையில் இருந்த இறைச்சிச் சாறும், உப்பு நீரில் நனைந்திருந்தனவே தவிர, அழுகியிருக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பின் நடந்ததே முக்கியமாகப் படுகிறது. உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யானாஷும் அவருடைய தோழர்களும் அந்த உணவை எடுத்து, ஏறக்குறைய கடலடியின் குளிர்ச்சியே இருக்கும்படி 3 டிகிரி செல்சியஸில் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள்; சில வாரங்களிலேயே அது கெட்டுப்போனது. ஆகவே உணவைக் காத்தது குளிர் மட்டும் அன்று என்பது தெளிவாயிற்று. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 1,540 மீட்டரில் அது நாம் இங்கே உணர்வதைப்போல 150 மடங்குக்கும் மேல். கரையிலிருந்து ரொட்டியோடு ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர்கள் அந்தக் குளிரும் அழுத்தமும் ஒருங்கே சேர்ந்தபோது ஏறத்தாழ முடங்கிவிட்டன.

அடுத்து யானாஷ், மாவுப்பொருள் போன்ற சத்துகளைப் புட்டிகளில் அடைத்துக் கடலடியிலேயே மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார். அதே குளிரில் ஆய்வகத்தில் வைத்திருந்த புட்டிகளோடு ஒப்பிட்டால், கடலடியில் சிதைவு 10 முதல் 100 மடங்கு மெதுவாக நடந்திருந்தது. 1971இல் வெளிவந்த இந்த முடிவில் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது: அங்கே நுண்ணுயிர்கள் உண்டு, வேலையும் நடக்கிறது, ஆனால் நம் அடுப்படிக் கணக்குக்கு எட்டாத நிதானத்தில் நடக்கிறது. கழிவுகளை ஆழ்கடலில் கொட்டிவிட்டால் அவை தாமாகவே மட்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது கசப்பான செய்தியாக இருந்தது.

கேள்வி: அவ்வளவு அழுத்தத்தில் ஓர் உயிரணு நசுங்கிவிடாதா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: நசுங்குவதற்கு உள்ளே காற்று இருக்க வேண்டும். நுண்ணுயிரின் உடலுக்குள் இருப்பது பெரும்பாலும் நீர். வெளியே எவ்வளவு அழுத்தமோ உள்ளேயும் அவ்வளவே என்பதால் அது சப்பையாகிவிடுவதில்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது; குளிரும் அழுத்தமும் கொழுப்பை இறுக்கிவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்க, பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறையாமல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் மிகுதி, நல்லெண்ணெயில் நிறைவுறாதவை மிகுதி என்பதே அதற்குக் காரணம். ஆழ்கடல் பாக்டீரியாக்கள் தங்கள் சவ்வில் இந்த நிறைவுறா வகையைக் கூட்டிக்கொண்டு, அது இறுகாமல் பார்த்துக்கொள்கின்றன.

சில உயிர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில் 10,476 மீட்டர் ஆழத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவைப் பற்றி யயனோஸ் என்ற அறிஞரின் குழு 1981இல் எழுதியது. விரல் நகத்தளவு இடத்தில் ஒரு டன் எடை ஏறி உட்கார்வதற்குச் சமமான அந்த அழுத்தம் அதற்குத் துன்பமே அன்று. அழுத்தத்தைக் குறைத்து நம் உலகத்துக்குக் கொண்டுவந்தால்தான் அதனால் வளர முடியாமல் மெல்ல மடிகிறது. அது இரட்டிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை, ஏற்ற சூட்டில், இருபது நிமிடத்தில் இரட்டிக்கும்.

கேள்வி: வெயிலே படாத இடத்தில் இவை எதை உண்கின்றன? நாங்கள் அறிந்த கடல் தொண்டிக் கடல்தான். அங்கே தரையே தெரிகிறது. இன்னொன்று: எங்கள் ஊருணியைத் தூர் வாரும்போது கறுப்புச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. கடலடியிலும் அந்த வாயு இருப்பதாகப் படித்தேன். இரண்டும் ஒன்றா?
– ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: தொண்டி இருப்பது பாக் விரிகுடாவில். அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடையது என்பதால், அதை வைத்துப் பெருங்கடலை எடைபோட முடியாது. உலகக் கடல்களின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி எட்டுவதே இல்லை.

அங்கே வாழும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை மேலிருந்து விழுவதை நம்பி இருப்பவை. இறந்த மிதவையுயிர்களும் அவற்றின் கழிவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெண்துகள்களாக வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கின்றன; கடல்பனி என்று இதற்குப் பெயர். வழியிலேயே பலரும் பந்தியை முடித்துவிடுவதால், அடித்தரைக்கு வந்து சேர்வது மிகச் சிறு பங்குதான்.

நாற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. வாயு ஒன்றே, ஹைட்ரஜன் சல்ஃபைடு. பிறக்கும் விதம்தான் வேறு. ஊருணிச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில், சல்ஃபேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் அதைக் கழிவாக வெளியேற்றுகின்றன. கடலடி வெந்நீர் ஊற்றுகளிலோ, பாறைப் பிளவுகளுக்குள் புகுந்த கடல்நீர் எரிமலைச் சூட்டில் வெந்து பாறையோடு வினைபுரிவதால் அது பெருமளவு உண்டாகிறது. 1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், இத்தகைய ஊற்றுகளையும் அவற்றைச் சூழ்ந்து செழித்திருந்த உயிர்க்கூட்டத்தையும் கண்டார்கள். சென்று பார்த்தது, மேலே சொன்ன அதே ஆல்வின்தான்.

அந்த ஊற்றோரங்களில் ஆளுயரத்துக்கும் மேல் வளரும் குழாய்ப்புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அப்படியானால் எப்படி உண்கின்றன என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, புழுவின் உடலுக்குள் கந்தகத் துணுக்குகள் இருப்பதாக ஒரு வகுப்பில் கேட்ட கொலீன் கேவனா, அப்போது அவர் மாணவி, அங்கே பாக்டீரியாக்கள் குடியிருக்க வேண்டும் என்று கணித்தார். 1981இல் அது ஆய்வேட்டில் உறுதியாயிற்று. புழு சல்ஃபைடையும் ஆக்சிஜனையும் கொண்டுவந்து கொடுக்கிறது. பாக்டீரியா அவற்றை வினைபுரியச் செய்து, கிடைக்கும் ஆற்றலால் கரியமில வாயுவை உணவாக்கி இருவருக்கும் படியளக்கிறது. வேதிச்சேர்க்கை எனப்படும் இந்த முறையைச் சூரியனே வேண்டாத வாழ்க்கை என்று பலர் எழுதுகிறார்கள். அது முழுவதும் சரியன்று. அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் செடிகளும் பாசிகளும் உண்டாக்கியதுதான்.

சூரியனுக்குக் கடன்படாதவையும் உண்டு. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொண்டே மீத்தேன் ஆக்கி வாழும் ஆர்க்கியா அவை; பாக்டீரியாவைப்போலவே தோன்றினாலும் வேறொரு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள். அவற்றில் ஒன்று 122 டிகிரி செல்சியஸிலும் பெருகியதாக 2008இல் ஜப்பானியர் அறிவித்தார்கள்; இன்றுவரை உயிர்வளர்ச்சிக்கு அறியப்பட்ட உச்ச வெப்பம் அதுவே. அதை எடுத்தது நம் இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில் உள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து. 122 டிகிரியில் நீர் கொதிக்காதா என்றால், ஆழத்து அழுத்தம் கொதிக்க விடுவதில்லை. நம் வீட்டுக் குக்கரில் நடப்பதும் அதுதான்.

கேள்வி: பத்துக் கோடி ஆண்டு பழமையான சேற்றிலிருந்து உயிரை எழுப்பினார்கள் என்கிறார்கள். மேலே இருந்த கிருமி ஏதோ கலந்துவிட்டிருக்கும் என்பது என் ஐயம்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோட்டையூர்

பதில்: உங்கள் ஐயம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. தென் பசிபிக் நடுவே, உணவு மிகமிகக் குறைந்த நீர்ப்பரப்பின் அடியில், 2010இல் துளையிட்டு எடுத்த சேறு அது. மிகப் பழைய அடுக்கின் வயது 10.15 கோடி ஆண்டு. துளையிடும்போது வெளிநீர் புகுந்திருக்கக்கூடிய ஓரப்பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதற்கு அடையாளமிட்ட கரி, நைட்ரஜன் ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின் எடை மட்டும் வேறுபட்ட அணுக்கள்) கொண்ட உணவைக் கொடுத்து, எந்த உயிரணு அதை உட்கொண்டது என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். பெரும்பாலான உயிரணுக்கள் உண்டன, பல பெருகவும் செய்தன. 2020இல் இது வெளியாயிற்று.

பிந்தைய காலத்தில் மேலிருந்து இறங்கிவந்தவையாக இருக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்தக் களிமண்ணின் இடுக்குகள் உயிரணுவைவிடக் குறுகலானவை என்பதால் அதற்கு வழியில்லை என்கிறார்கள். எனக்கும் அந்த வாதம் வலுவாகவே படுகிறது. ஆனால் "எழுப்பினார்கள்" என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். அந்தச் சேற்றில் ஆக்சிஜன் அடிவரை ஊடுருவியிருக்கிறது. உணவுதான் கிட்டத்தட்ட இல்லை. அவை உறங்கிக்கொண்டிருந்தனவா, அல்லது உடைந்த மூலக்கூறுகளைச் செப்பனிடும் அளவுக்கு மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தனவா என்பது வேறு கேள்வி. பலரும் இரண்டாவதன் பக்கமே சாய்கிறார்கள்.