பேரிடர்க் களத்தில் 3டி பிரிண்டர்: கேள்வி பதில்

கேள்வி: நிலநடுக்கம் நடந்த ஊருக்கு 3டி பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்துவிட முடியும்?

பதில்: வெளியிலிருந்து வந்துசேர வாரக்கணக்கில் ஆகும் ஒரு சிறு பாகத்தை அங்கேயே செய்துவிட முடியும். 2015 ஏப்ரலில் நேபாளத்தை 7.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கிய பிறகு, ‘ஃபீல்ட் ரெடி’ என்னும் தொண்டு நிறுவனத்தினர், ஒரு முகாமில் ஒழுகிக்கொண்டிருந்த குடிநீர்க் குழாய்களுக்கான இணைப்பை அவ்விடத்திலேயே வடிவமைத்து, வாகன பேட்டரியில் இயந்திரத்தை ஓட்டி அச்சிட்டுப் பொருத்தினார்கள். பழைய குழாய் முழு வட்டமாக இருக்காது என்பதால் வெளிவிட்டத்தை மூன்று இடங்களில் அளக்க வேண்டும். முழுப் பாகத்தையும் அச்சிடுவதற்கு முன் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு வளையத்தை மட்டும் அச்சிட்டு மாட்டிப் பார்த்துவிட்டால், பல மணி நேரமும், பிரிண்டர் உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் பிளாஸ்டிக் இழையும் மிச்சமாகும்.

கேள்வி: மலிவான பி.எல்.ஏ. இழை போதாதா?

பதில்: போதாது. அது 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும். நான் அச்சிட்ட இணைப்புகள் ஒருமுறை மூடிய வேனுக்குள் நண்பகல்வரை கிடந்து நீள்வட்டமாகிவிட்டன. அதைவிட வெப்பம் தாங்கும் பி.இ.டி.ஜி. அல்லது ஏ.பி.எஸ். இழையை வாங்குங்கள்.

கேள்வி: வீடுகளை அச்சிடலாமா?

பதில்: அது கான்கிரீட்டைப் பிழியும் வேறு இயந்திரம், கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள்.

கேள்வி: காசாவில், குருதிப்போக்கை நிறுத்தக் கை கால்களில் இறுக்கும் பட்டையான டூர்னிகேயையே அச்சிட்டார்களே, நாமும் செய்தால் என்ன?

பதில்: மருத்துவர் தாரெக் லூபானியின் ‘கிலியா’ குழுவினர் முதலில் அச்சிட்டது ஸ்டெதஸ்கோப், சந்தையில் விற்கும் உயர்தரக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டெதஸ்கோப் உடைந்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். குருதி பீறிடும் காலில் பட்டையை முறுக்கும் கோல் பாதியில் ஒடிந்தால் அந்த ஆள் பிழைப்பது அரிது. அச்சிட்ட பாகம் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில்தான் பலவீனமானது. ஆகவே கோலை நிற்கவைத்து அச்சிடுவது அதை ஒடிப்பதற்கென்றே செய்வதாகும்.

கேள்வி: கிழிந்த துணியைக் கட்டிக் குச்சியால் முறுக்குவதைவிட அது மேலல்லவா?

பதில்: முற்றுகையால் நல்ல டூர்னிகே உள்ளே வர வழியில்லாத இடத்தில், ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை ஒடியும்வரை முறுக்கிச் சோதிக்கும் குழு இருந்தால், ஒப்புக்கொள்கிறேன். கடையில் கிடைக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, பொழுதுபோக்காக அச்சிட்டு முகாமுக்கு அனுப்பும் வேலைக்கு என் ஒப்புதல் கிடையாது. அனுப்பியவருக்கு அது எங்கே ஒடிந்தது என்றுகூடத் தெரியப்போவதில்லை.

கேள்வி: அறுவைச் சிகிச்சை இடுக்கிகளை பி.எல்.ஏ.வில் அச்சிடலாமா?

பதில்: இரண்டாவது பதிலை மறுபடி படியுங்கள். கருவிகளை நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவின் வெப்பம் 121 டிகிரி.

கேள்வி: எந்த பிரிண்டரை வாங்கலாம்?

பதில்: உங்கள் கையாலேயே பிரித்து மாட்டக்கூடியதை வாங்குங்கள், கூடவே, உருகிய இழை வெளிவரும் முனையான நாசில்கள் நான்கையும், ஈரம் புகாத டப்பாவில் இழையையும் எடுத்துச்செல்லுங்கள்.